கையால் கற்கட்டும் நம் பிள்ளைகள்!

பெரியபாளையம் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது பவானி அம்மன் கோயில், ஆடி மாதக் கூட்டம், வேப்பஞ்சேலை. ஆடி ஞாயிறானால் ஆரணியாற்றங்கரை கொள்ளாத ஜனம்! அந்தக் கூட்டம் கலைந்து, மழை ஓய்ந்து, தை பிறக்கும் வேளையில் ஊருக்கு வெளியே வேறொரு கூட்டம் கூடுகிறது. அது செங்கல் சூளைக் கூட்டம். உள்ளூர்க் குடும்பங்களும் உண்டு. ஒடிசாவின் பொலாங்கீர், நுவாபாடா பக்கத்திலிருந்து ரயிலேறி வரும் குடும்பங்களும் உண்டு. பெண்டு பிள்ளைகளோடு வருகிறார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அடுத்த மழை வரும் வரை அச்சும் மண்ணுமே அவர்கள் வாழ்வு.

அந்தக் களத்தின் ஓரமாகச் சற்று நின்று பாருங்கள், தோழர்களே!

தாய் கல் அறுக்கிறாள். பக்கத்தில் மூன்று வயதுப் பிள்ளை. அதன் கையிலும் மண். பிசைகிறது, உருட்டுகிறது, காலித் தீப்பெட்டியில் அடைத்துக் கவிழ்க்கிறது. குட்டிக் கல் ஒன்று விழுகிறது. ஓரம் உதிர்ந்து போகிறது. பிள்ளை அழவில்லை. மண்ணைத் தொட்டுப் பார்க்கிறது. தண்ணீர் போதவில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் தெளிக்கிறது, மறுபடி அடைக்கிறது, கவிழ்க்கிறது. இம்முறை கல் நிற்கிறது! அந்தப் பிள்ளையின் முகத்தில் தோன்றும் களிப்பைப் பார்த்தவர்கள், படிப்பு என்பது எங்கே தொடங்குகிறது என்று வேறு எவரையும் கேட்க வேண்டியதில்லை.

இரண்டு மூன்று ஆண்டு போகட்டும். அதே பிள்ளை அதே களத்தில் காயும் பச்சைக் கல்லைத் திருப்பிப் போட்டுக் கொண்டிருக்கும். அப்போது அது விளையாட்டல்ல, வேலை. மண் ஒன்றுதான், கை ஒன்றுதான், கண்ணில் இருந்த ஒளி மட்டும் இருக்காது.

இனி அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வாருங்கள். சிப்காட் ஆலையில் இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்புகிறார் ஒரு தொழிலாளி. ஓவர்டைம் காசைச் சேர்த்துவைத்து, மூன்று வயது மகனுக்கு டை கட்டி, ஷூ மாட்டி, வேனில் ஏற்றி அனுப்புகிறார். மாலையில் பிள்ளை கொண்டுவரும் நோட்டைத் திருப்பினால் பக்கம் பக்கமாக ஒரே எழுத்து! பென்சிலைப் பிடித்துப் பிடித்து விரல் சிவந்திருக்கிறது. தகப்பனுக்கோ பெருமை தாங்கவில்லை. “இந்த வயசிலேயே எழுதுகிறானே!” என்கிறார்.

சூளைப் பிள்ளைக்குப் பள்ளி இல்லை. ஷிப்டுத் தொழிலாளியின் பிள்ளைக்குப் பள்ளி இருக்கிறது, கற்பதற்கு வழியில்லை. இரண்டு பிள்ளைகளும் வஞ்சிக்கப்படுகிறார்கள் என்கிறோம் நாம். பின்னதற்குத் தகப்பன் காசும் கொடுக்கிறார்!

தொழிலை எப்படிக் கற்றீர்கள்?

லேத்தில் நிற்கும் தோழரைக் கேட்கிறோம். முதல் நாள் உம்மை உட்கார வைத்து, “லேத்து, லேத்து” என்று ஆயிரம் முறை எழுதச் சொன்னார்களா? இல்லை. இரும்பைத் தொட்டீர், அளந்தீர், கடைந்தீர், கெடுத்தீர், திட்டு வாங்கினீர், மறுபடி கடைந்தீர். கை கற்றது, கையின் வழியே மூளை கற்றது. வரைபடமும் கணக்கும் அதன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டன. இருபது வயது ஆளுக்கே அதுதான் வழியென்றால், மூன்று வயதுக் குழந்தைக்கு மட்டும் எப்படி வேறு வழி இருக்கும்?

ஒரு சின்னச் சோதனையை வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரே அளவான இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றை எடுத்து, உயரமான ஒடுங்கிய பாத்திரத்தில் பிள்ளையின் கண்முன்னே ஊற்றுங்கள். “எதில் தண்ணீர் அதிகம்?” என்று கேளுங்கள். நான்கு வயதுப் பிள்ளை பெரும்பாலும் உயரமான பாத்திரத்தைத்தான் காட்டும். சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே இதைச் சோதித்து எழுதி வைத்தார். இது மக்குத்தனமல்ல; அந்த வயதின் அறிவு கண்ணிலும் கையிலும் இருக்கிறது. “இரண்டும் சமம்” என்று நூறு முறை ஒப்புவிக்கச் செய்தால் பிள்ளை ஒப்புவிக்கும், நம்பாது. தானே ஊற்றி, தானே திருப்பி ஊற்றி, சிந்தி, துடைத்து, நாளாவட்டத்தில் தானே கண்டுகொள்ளும். அப்படிக் கண்டது ஆயுளுக்கும் அழியாது.

பாட்டாளியின் பிள்ளைக்காகப் பிறந்த முறை

“இதெல்லாம் பட்டணத்துப் பணக்காரர் வீட்டுச் சமாசாரம், மாண்டிசோரி என்று போர்டு போட்டு லட்சம் லட்சமாக வாங்குகிறார்களே, அது” என்று தோழர் ஒருவர் சொல்லக்கூடும். இங்கேதான் நாம் ஒரு திருட்டை அம்பலப்படுத்த வேண்டியிருக்கிறது. இந்த முறை பணக்காரர் வீட்டில் பிறந்ததே இல்லை!

ஸ்காட்லாந்து நாட்டில் நியூ லானார்க் என்றொரு பஞ்சாலை ஊர். ஆலையை நடத்தியவர் ராபர்ட் ஓவன். முதலாளிதான், ஆயினும் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை ஆலைக்குள் சேர்ப்பதில்லை என்று நிறுத்தியவர். 1816-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி, ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று அங்கே ஒரு பள்ளியைத் திறந்தார். நடக்கத் தொடங்கிய குழந்தைகள்கூட அங்கே வந்தன. அடிக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, சின்னஞ்சிறுசுகளைப் புத்தகத்தைக் காட்டித் தொல்லை செய்யக்கூடாது என்பது கட்டளை. பொருளைக் காட்டு, கேட்டால் பதில் சொல், ஆடவிடு, பாடவிடு! அதற்கு அவர் தேர்ந்தெடுத்தவர்கள் பெரும் பண்டிதர்களா? ஜேம்ஸ் புகானன் என்னும் நெசவாளி. மாலி யங் என்னும் 17 வயதுப் பெண். குழந்தைகளிடம் பொறுமையும் அன்பும் இருந்ததே அவர்களுடைய பட்டம்.

அடுத்து ரோமாபுரி. சான் லொரென்சோ என்பது அங்கே ஏழைத் தொழிலாளர் அடைந்து கிடந்த பேட்டை. ஒரு கட்டட நிறுவனம் அங்கே குடியிருப்புகளைப் புதுப்பித்தது. தாயும் தகப்பனும் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் படிக்கட்டிலும் நடையிலும் ஓடின, சுவரில் கிறுக்கின. புதிதாக வெள்ளையடித்த சுவர் பாழாகிறதே என்று நிறுவனத்தாருக்குக் கவலை! பிள்ளைகளை ஓரிடத்தில் அடைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். வந்தவர் டாக்டர் மரியா மாண்டிசோரி. இத்தாலியில் மருத்துவப் பட்டம் பெற்ற முதற் பெண்களில் ஒருவர். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி அங்கே ‘குழந்தைகள் வீடு’ திறக்கப்பட்டது. ஐம்பதுக்குமேல் குழந்தைகள். அவர்களைக் கவனிக்கக் கிடைத்தவளோ பயிற்சி பெற்ற ஆசிரியை அல்ல. அந்தக் கட்டட வாயிற்காவலரின் மகள்.

சுவரைக் காக்கத் திறந்த இடத்தில் நடந்தது என்ன? பத்து மரக்கட்டைகள், ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை. பெரிதின்மேல் சிறிது வைத்தால் கோபுரம். மாற்றி வைத்தால் பார்த்த கண்ணுக்கே தவறு தெரியும். பலகையில் துளைகள், ஒவ்வொரு துளைக்கும் ஒரே ஒரு கட்டைதான் சரியாகப் பொருந்தும். ஆலையில் ஃபிட்டர் தோழர் கேஜ் வைத்துப் பார்க்கிறாரே, அதே தத்துவம்! தப்பு என்று டீச்சர் சொல்ல வேண்டியதில்லை; கட்டையே சொல்லிவிடும். எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி ஒட்டினார்கள். பிள்ளைகள் விரலால் தடவின. தடவித் தடவிப் பழகிய விரல், ஒரு நாள் சாக்கட்டியை எடுத்துத் தானாக எழுதியது. ஐந்து வயதுகூட நிரம்பாத பேட்டைப் பிள்ளைகள் எழுதின; உலகமே திரும்பிப் பார்த்தது.

அவர் நம்மூருக்கும் வந்தார். 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் சென்னை அடையாறுக்கு வந்து, கீற்றுக் கொட்டகைகளில் இந்தியா முழுவதிலுமிருந்து வந்த ஏறத்தாழ 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்தம் மூண்டது, 1940-இல் இத்தாலி எதிரி நாடானது, அவர் மகனை வெள்ளைக்காரன் சிறை வைத்தான், அந்த அம்மையாரின் 70-ஆவது பிறந்தநாளன்று விடுவித்தான். பின்னர் கொடைக்கானலிலும் தங்கி வேலை செய்தார். யுத்தம் முடியும்வரை இங்கேதான் இருந்தார்.

அடையாறு எங்கே இருக்கிறது? பெரியபாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறினால் போய்ச் சேரலாம். அந்த முறை வந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பட்டணத்துப் பங்களாத் தெருக்களில் குடியேறியது. கட்டணம் கட்டக்கூடியவன் பிள்ளைக்குக் கிடைத்தது. சூளைக்களத்துக்கு இன்னும் பஸ் ஏறவில்லை! பேட்டைப் பிள்ளைக்கு என்று பிறந்ததைப் பேட்டைக்குத் திருப்பிக் கொடு என்று கேட்பதில் என்ன தவறு?

குலக்கல்வியா இது?

ஒரு சந்தேகம் எழும், எழ வேண்டும். “நாங்கள் மண்ணில் புரண்டது போதாதா? எங்கள் பிள்ளையாவது கையில் அழுக்குப் படாமல் வாழட்டும் என்றுதானே பள்ளிக்கு அனுப்புகிறோம். அங்கேயும் மண்ணா?” என்று கேட்கிறாள் சூளைத்தாய். அவள் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1953-இல் இராஜாஜி ஆட்சியில் கிராமத்துப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் தகப்பன் தொழிலைப் பிள்ளை கற்கட்டும் என்றார்கள். குயவன் மகன் சட்டி வனையட்டும். வண்ணான் மகன் துணி வெளுக்கட்டும் என்பதே அதன் பொருள். நாடே கொதித்தது. 1954-இல் காமராசர் வந்ததும் அத்திட்டம் ஒழிந்தது. அந்தத் தழும்பு உள்ள நாட்டில், ‘கையால் படிப்பு’ என்றாலே பாட்டாளி மக்கள் முகம் சுளிப்பது இயல்பு. அந்த எச்சரிக்கையை நாம் மதிக்கிறோம்.

ஆனால் வேறுபாட்டை உணர வேண்டும். குலக்கல்வி, பிள்ளையைத் தகப்பனின் தொழிலோடு கட்டிப் போட்டது. நாம் கேட்கும் முறையில் கலெக்டர் பிள்ளையும் மண்ணைப் பிசையும். குயவர் பிள்ளையும் மண்ணைப் பிசையும். இரண்டும் அதன் வழியே எண்ணும் எழுத்தும் கற்கும். பானை விற்பனைக்கல்ல; பிள்ளையின் மூளைக்கு. பணக்காரன் வீட்டுப் பிள்ளை களிமண்ணைப் பிசைந்தால் அதற்குப் பெயர் உயர்ந்த கல்வி. நம் பிள்ளை பிசைந்தால் மட்டும் அழுக்கா? அவர்கள் பிள்ளைக்குக் கட்டையும் மணலும். நம் பிள்ளைக்கு நோட்டும் பிரம்பும் என்று யார் பங்கு பிரித்தது?

மணலில் விரலால் எழுதுவது நமக்குப் புதிதுமல்ல. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி ‘அ’னா போட்டன. சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், அதைப் பார்த்துத் தம் விடுதியில் புகுத்தினார். 1797-இல் இங்கிலாந்தில் புத்தகமாக எழுதிப் பரப்பினார். ‘மதராஸ் முறை’ என்றே அதற்குப் பெயர் வந்தது. அதற்காகத் திண்ணைப் பள்ளியைப் போற்றிப் பாட நாம் தயாரில்லை. அங்கே பிரம்பும் இருந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் அங்கே இடமும் இருக்கவில்லை. மணலை எடுத்துக்கொள்வோம், பிரம்பையும் தீண்டாமையையும் குப்பையில் போடுவோம்!

பால்வாடியின் நிலை

நம் பிள்ளைக்குரிய பள்ளி எது? பால்வாடிதான். 1956-இல் மதிய உணவு, 1975 அக்டோபர் 2-இல் மத்திய சர்க்காரின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், 1982 ஜூலை 1-இல் சத்துணவு என்று படிப்படியாக வளர்ந்த ஏற்பாடு இது. இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் இருக்கின்றன. இப்படியொரு வலை பல நாடுகளில் இல்லை. அவற்றுக்கென்று ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டமும் வகுத்திருக்கிறார்கள். பெயரே சொல்கிறது, என்ன செய்ய வேண்டுமென்று! பள்ளியில் சேர்ந்தபின் முதல் மூன்று வகுப்புக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூனில் தொடங்கியது. தொடங்கிய இடம் இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம்.

ஏட்டில் எல்லாம் இருக்கிறது. பிறகு என்ன குறை? ஒரு டீச்சர், ஒரு ஆயம்மா. அந்த டீச்சர் எடை பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு ஆள் சேர்க்க வேண்டும். கர்ப்பிணிகளைக் கவனிக்க வேண்டும். ரிஜிஸ்தர் எழுத வேண்டும். செல்போனில் கணக்கு ஏற்ற வேண்டும். கணக்கெடுப்பு என்றால் அதற்கும் ஓட வேண்டும். கொடுப்பதோ வேலைக்கேற்ற சம்பளமல்ல. இத்தனைக்கும் நடுவே இருபது பிள்ளையை மணலிலும் கட்டையிலும் வழிநடத்து என்றால் எப்படி? “சோறு போட்டுத் தூங்க வைக்கிற இடம்” என்று ஊரார் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு, கையில் நாலு காசு சேர்ந்ததும் பிள்ளையை நர்சரிக்கு மாற்றுகிறார்கள். பால்வாடி இளைக்கிறது, நர்சரி முதலாளி கொழுக்கிறான்.

இந்த வயதில் செலவிடும் காசு வீணா? அமெரிக்காவில் இப்சிலாண்டி என்னும் ஊரில், ஏழை நீக்ரோ மக்களின் பிள்ளைகள் 123 பேரை 1962 முதல் பின்தொடர்ந்தார்கள். 58 பிள்ளைகளுக்குக் கையால் செய்து, தானே திட்டமிட்டுக் கற்கும் பாலர் பள்ளி; 65 பிள்ளைகளுக்கு அது இல்லை. அறிவுச் சோதனை மார்க்கில் தோன்றிய வித்தியாசம் சில ஆண்டில் மறைந்துவிட்டது. “பார்த்தாயா, பயனில்லை” என்றார்கள் சிலர். ஆனால் அப்பிள்ளைகள் 40 வயதை எட்டியபோது பார்த்தால், பாலர் பள்ளிக்குப் போனவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அதிகம். வேலையில் இருப்பவர்கள் அதிகம். போலீசில் பிடிபட்டவர்கள் குறைவு. மார்க்கு மறைந்தது, மனிதன் நின்றான்! ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அங்கே ஆறு பிள்ளைக்கு ஒரு டீச்சர் என்ற கணக்கு, வாரந்தோறும் வீட்டுக்கும் வந்து தாயோடு பேசினார்கள். ஆளைக் குறைத்துவிட்டு அதே பலனை எதிர்பார்ப்பவன் உரமிடாமல் மகசூல் கேட்பவன்.

சூளைக்கு வரட்டும் பள்ளி!

பால்வாடிக்கு வரமுடிகிற பிள்ளையின் கதை இது. வரவே முடியாத பிள்ளைக்கு? சூளை ஊருக்கு வெளியே; தாய் கல் அறுப்பதை விட்டுவிட்டுக் கொண்டுபோய் விட முடியாது; விட்டாலும் அங்கே பேசும் தமிழ் ஒடியாப் பிள்ளைக்குப் புரியாது.

இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். மராட்டிய நாட்டில் தாராபாய் மோதக் என்னும் அம்மையார், 1945-இல் போர்டி கிராமத்தில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அனுதாய் வாக் அவருக்குத் துணை. 1957 முதல் கோஸ்பாட் மலைப்பகுதியில் வார்லிப் பழங்குடிப் பிள்ளைகளிடம் போனார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. பள்ளி பிள்ளைகளின் வீட்டு முற்றத்துக்குப் போனது. விலையுயர்ந்த கட்டைகளுக்குக் காசில்லை; கிளிஞ்சலும் விதையும் கூழாங்கல்லும் இலையும் கட்டைகளாயின. டில்லியில் 1969-இல் மீரா மகாதேவன், கட்டட வேலைத் தலத்திலேயே சித்தாள் பெண்களின் பிள்ளைகளுக்குக் கூடாரம் அமைத்தார்; கட்டடம் முடிந்தால் கூடாரம் அடுத்த தலத்துக்கு நகர்ந்தது.

கோஸ்பாட்டில் முடிந்தது பெரியபாளையத்தில் முடியாதா? பனங்கொட்டை இருக்கிறது; புளியங்கொட்டை இருக்கிறது; ஆற்றுமணல் இருக்கிறது; பிசைய மண்ணுக்குப் பஞ்சமே இல்லை. வேண்டுவது ஒரு கொட்டகை, ஒடியா பேசும் ஒரு பெண், தமிழ் பேசும் ஒரு பெண், ஒரு வேளைச் சூடான சாப்பாடு. ஆறு மாத சீசனுக்கு நகரும் பால்வாடி! சூளைக்காரர்கள் இடம் கொடுக்கட்டும். சர்க்கார் ஆளும் உணவும் கொடுக்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் 6 வயதில்தான் தொடங்குகிறது. 6 வயதுவரை உள்ள குழந்தைக்கு 2002-இல் அரசியல் சட்டத்தின் 45-ஆம் பிரிவை மாற்றியமைத்து, சர்க்கார் ‘முயல வேண்டும்’ என்று எழுதினார்கள். முயலுமாம்! பிள்ளையின் வயது காத்திருக்குமா? ஆலைகளுக்குக் குழந்தைக் காப்பகம் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்தது. 50 பெண்கள் வேலை செய்தால் என்று இருந்ததை 1976-இல் 30-க்குமேல் என்று குறைத்தார்கள். 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்போ, ஆண் பெண் சேர்த்து 50 தொழிலாளருக்கு மேல் என்கிறது. கணக்கு மாறினாலும் கடமை மாறவில்லை. ஆனால் காப்பகம் என்றால் நான்கு சுவரும் ஒரு தொட்டிலும் என்றே நிர்வாகம் நினைக்கிறது. அதை மூன்று வயதுப் பிள்ளை கற்கும் இடமாக்கு என்று கேட்பது சங்கத்தின் வேலை.

தோழர்கள் செய்யத்தக்கது

போனஸ், பஞ்சப்படி, நிரந்தரம் என்று கோரிக்கை எழுதும் தோழர்கள் இந்தக் கோரிக்கைகளையும் சேர்த்து எழுதட்டும். பால்வாடிக்கு இரண்டாவது டீச்சர்; எல்லோருக்கும் உரிய சம்பளம்; சூளைக்கு நகரும் பால்வாடி; ஆலைக் காப்பகத்தில் பயிற்சி பெற்ற ஆள். இவை பிச்சையல்ல, உரிமை.

கோரிக்கை நிறைவேறும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வாராந்திர லீவில் ஒரு மணி நேரம் உங்கள் பால்வாடிக்குப் போங்கள். குறைகாண அல்ல, கைகொடுக்க! தச்சுத் தோழர் மிச்சக் கட்டையை இழைத்து, முனை மழித்து, பத்துக் கட்டைக் கோபுரம் செய்து கொடுக்கலாம். கொத்தனார் தோழர் மணல் தொட்டி கட்டலாம். பெயிண்டர் தோழர் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவருக்குக் கறுப்பு அடிக்கலாம். கிறுக்குவதற்கென்றே ஒரு சுவர் இருக்கட்டும்!

வீட்டிலும் ஒரு மாற்றம் வேண்டும். மாலையில் பிள்ளையைப் பார்த்து “இன்றைக்கு எத்தனை பக்கம் எழுதினாய்?” என்று கேட்காதீர்கள். “இன்றைக்கு என்ன செய்தாய்?” என்று கேளுங்கள். அது சொல்லத் தொடங்கும். கவிழ்த்தது, ஊற்றியது, உடைந்தது, மறுபடி கட்டியது என்று நிறுத்தாமல் சொல்லும். உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் பட்டறையில் கற்ற அதே பாடத்தை உங்கள் பிள்ளை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.

தீப்பெட்டியில் கல் அறுத்த அந்தச் சூளைப் பிள்ளைக்கு அடுத்த தை வரும்போது நான்கு வயது. அதற்குள் களத்தோரம் ஒரு கொட்டகை எழுந்தாக வேண்டும்.